வ.உ.சி. வாங்கித் தந்த ஞாயிற்றுக்கிழமை

கோயம்புத்தூர்ப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு வ.உ.சி. என்றால் முதலில் ஞாபகம் வருவது பார்க்தான். ஸ்கூல் டூரில் மானும் குரங்கும் பார்க்கக் கூட்டிட்டுப் போன இடம். பக்கத்திலேயே மைதானம், பொருட்காட்சி, ராட்டினம். அதுக்கு அப்புறம் சோஷியல் புக். கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார். ரெண்டு மார்க் கேள்வி. எழுதினோம், மறந்தோம்.

அந்தக் கப்பலுக்கும் செக்குக்கும் நடுவில் ஒன்பது நாள் இருக்கு. ஒரு பஞ்சாலை வாசலில் நடந்த ஒன்பது நாள். புக்கில் அது ஒரு வரியில் முடிஞ்சுடும். ஆனா நீங்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குறவங்களா இருந்தா, அடுத்த வருஷம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடப் போறவங்களா இருந்தா, அந்த ஒன்பது நாளைத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. எங்க ஊர் சோமனூர். தறிச் சத்தம் நின்னா தூக்கம் கலையுற ஊர். அதனாலதான் இந்தக் கதையை இங்கிருந்து சொல்லணும்னு தோணிச்சு.

கப்பலுக்கு முன்னால்

வள்ளிநாயகம் உலகநாதன் சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அங்கிருந்து கூப்பிடு தூரம். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் திருச்சியில் சட்டம் படிச்சு, பிளீடர் பரீட்சை எழுதி, 1895-இல் சொந்த ஊரிலேயே தொழிலை ஆரம்பிச்சார். காசு இல்லாதவங்க வழக்கை ஃபீஸ் வாங்காமல் நடத்துவார். போலீஸ் ஜோடிச்ச வழக்குகளை உடைப்பார். அதனால் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காமல் போச்சு. 1900-வாக்கில் தூத்துக்குடிக்கு இடம் மாறினார்.

தூத்துக்குடி அப்பவே பெரிய துறைமுகம். கொழும்புக்கு ஆளும் சரக்கும் போகிற வழி. அந்தக் கடலில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வச்சதுதான் சட்டம். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. இன்றைக்கு நாம ஸ்டார்ட்டப் என்று சொல்றோமே, அதன் 1906 மாடல். முதலில் வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி அழுத்தம் கொடுத்து அந்த வாடகையை நிறுத்தியது. 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. உடனே கட்டணப் போர். எதிர்க் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைச்சது, கடைசியில் சும்மாவே ஏத்திட்டுப் போகவும் தயாரானது, கூட ஒரு குடையும் இலவசம் என்று சொல்வார்கள். மார்க்கெட்டைப் பிடிக்க நஷ்டத்துக்கு விற்கிற டெக்னிக் நேத்து ஆப் கம்பெனிகள் கண்டுபிடிச்சது இல்லை, பாருங்க.

இதுவரைக்கும் இது இரண்டு முதலாளிகளின் போட்டி. வ.உ.சி. அதில் ஒரு பக்கத்து முதலாளி. தொழிலாளி இன்னும் கதைக்குள்ளே வரவில்லை.

அந்த ஒன்பது நாள்

தூத்துக்குடியில் கோரல் மில் என்று ஒரு நூற்பாலை. ஹார்வி சகோதரர்களுடையது. அவர்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்திலும் மதுரையிலும் கூட மில்கள் இருந்தன. கோரல் மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், சின்னப் பிள்ளைகளும் சேர்த்து. பொழுது விடியும்போது உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே. வாரம் ஏழு நாளும் வேலை. உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. தொழிற்சாலைச் சட்டம் என்று ஒன்று இந்தியாவில் 1881-லேயே வந்துவிட்டது. 1891-இல் அதைத் திருத்தி, தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு என்று எழுதினார்கள். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம், குழந்தைகளுக்கு 7 மணி நேரம் என்று வரம்பும் வச்சார்கள். ஆண்களுக்கு வரம்பே இல்லை. தொழிலாளி மேல் பாசத்தால் மட்டும் வந்த சட்டம் இல்லை இது. இந்திய மில்கள் மலிவான கூலியில் ஓடினால் தங்கள் துணி விற்காது என்று லங்காஷயர் முதலாளிகள் கொடுத்த நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். இந்தப் பக்கம் பம்பாயில் நாராயண் மேகாஜி லோக்கண்டே மில் தொழிலாளர்களைத் திரட்டி ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடி, 1890-இல் அங்குள்ள மில்களில் அதை வாங்கியே விட்டார்.

ஆக, 1891-இல் வார லீவு சட்டமாக எழுதப்பட்டாச்சு. 1908-இல் தூத்துக்குடித் தொழிலாளி அதையே கோரிக்கையாகக் கேட்டு நின்றார். நடுவில் 17 வருஷம். சட்டத்தில் விதிவிலக்குகள் இருந்தன. இன்ஸ்பெக்டர்கள் ரொம்பக் குறைவு. பல இடங்களில் மாவட்ட அதிகாரிகளே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் மில் முதலாளியோடு சாயந்திரம் டென்னிஸ் ஆடுகிறவர்களாக இருந்தால் சட்டப் புத்தகம் அலமாரியை விட்டு இறங்குமா?

1908 பிப்ரவரி தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவா தூத்துக்குடிக்கு வந்தார். வத்தலக்குண்டுக்காரர், பேச்சில் நெருப்பு. அவரும் வ.உ.சி.யும் தினமும் சாயந்திரம் கடற்கரையில் கூட்டம் போட்டார்கள். ஷிஃப்ட் முடிஞ்சு வந்த மில் ஆட்கள் கூட்டத்தில் நின்று கேட்டார்கள். பிப்ரவரி 27 அன்று கோரல் மில் நின்றது. கூலியை உயர்த்து, வாரத்தில் ஒரு நாள் லீவு கொடு, மற்ற லீவு வசதிகள் கொடு. இவ்வளவுதான் கோரிக்கை.

ஸ்டிரைக்கை அறிவிக்கிறது சுலபம். நாலாவது நாள் வீட்டில் அரிசி இல்லாதபோதுதான் அது நிற்குமா விழுமா என்று தெரியும். வ.உ.சி. அந்த நாலாவது நாளுக்குத் தயாராக இருந்தார். ஊரில் பணம் திரட்டினார், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார், சிலருக்கு வேறு வேலை பிடிச்சுக் கொடுத்தார். வியாபாரிகளும் வக்கீல்களும் பணம் கொடுத்தார்கள். ஊரே பக்கம் பிரிந்து நின்றது. தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போன கதையைத் தூத்துக்குடிக்காரர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. கல்கத்தாவில் அரவிந்தர் தன் பத்திரிகையில் பாராட்டி எழுதும் அளவுக்குச் செய்தி பரவியது. அந்த ஊரில் இருந்த மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ஆட்களுக்கும் மரியாதை கொஞ்சம் கூடியது.

17 வருஷமாகப் பேப்பரில் தூங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது நாளில் தெருவுக்கு வந்தது. அரசு புதுசாக ஒரு வரி சட்டம்கூட எழுதவில்லை.

விலை

அடுத்த வாரமே பில் வந்தது. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. கலெக்டர் விஞ்ச் தடுத்தார். வ.உ.சி.யும் சிவாவும் பணியவில்லை. மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடின, வண்டிகள் ஓடவில்லை. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, தங்களுக்காக நின்ற வக்கீலுக்காக. பம்பாய் மில் தொழிலாளர்கள் திலகருக்காக வேலைநிறுத்தம் செய்ததைப் பெருமையாகப் படிக்கிறோம் இல்லையா, அது ஜூலையில். தூத்துக்குடி அதற்கு நாலு மாசம் முன்னாடி.

வழக்கு ராஜத்துரோகம். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். தன் பேச்சுக்கு ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஒன்று முடிந்து மற்றொன்று, மொத்தம் 40 வருஷம். அவருக்கு அப்போது வயது 35. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரம் புத்தி பேதலித்துப் போனார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனா ஜெயில் ஜெயில்தானே.

அந்த ஜெயில் நம்ம கோயம்புத்தூர் சென்ட்ரல் ஜெயில். 1908 ஜூலையில் வந்தவர் 1910 டிசம்பர் வரை இங்கேதான் இருந்தார். முதலில் சணல் கிழிக்கும் மெஷினில் விட்டார்கள். கை தோலுரிந்து ரத்தம் வந்தது. அப்புறம் மாடு இழுக்க வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினார்கள். வேலை நேரத்துக்கு வரம்பு கேட்ட மனுஷனை வரம்பே இல்லாத வேலையில் போட்டார்கள். அங்கிருந்து கண்ணூர். 1912 டிசம்பரில் விடுதலை. அதற்குள் கப்பல் கை மாறிவிட்டது. 1911-இல் கம்பெனியே கலைக்கப்பட்டுவிட்டது.

வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னதும் போச்சு. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டினார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று சேர்த்த பணம் காந்தி மூலமாக வந்து சேர வேண்டியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய நிலைமை. ஒரு காலத்தில் 10 லட்சம் ரூபாய்க் கம்பெனி நடத்தியவர் அவர்.

அப்படி இருந்தும் தொழிலாளர் பக்கத்தை அவர் விடவில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில், வ.உ.சி.யும் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். அந்தச் சங்கத்தின் மேல் மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தச் சொன்னதே கம்பெனிக்குச் செய்த குற்றம் என்று ஆனது. சங்கம் வைக்கச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது நாட்டுக்கே புரிந்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கு முக்கியமான காரணம். 1908-இல் வ.உ.சி.க்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

1920-வாக்கில் அவர் மறுபடி கோயம்புத்தூர் வந்தார். இந்தத் தடவை கைதியாக இல்லை, ஒரு பேங்க் மேனேஜராக. செக்கு இழுத்த அதே ஊரில் கணக்குப் பார்த்தார். சம்பளம் போதவில்லை. வக்கீல் தொழிலைத் திரும்பத் தரச் சொல்லி மனுப் போட்டார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நன்றியில் தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்த்தவரா இப்படி என்று ஆச்சரியப்படாதீங்க. அவர் எதிர்த்தது நிறத்தை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிறகு கோவில்பட்டி, கடைசியில் மறுபடி தூத்துக்குடி. திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியம் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அவர் உயிலில் சொத்தை விடக் கடன்தான் கண்ணில் படும். அதில் எண்ணெய்க்கடை பாக்கியும் உண்டு, ஜவுளிக்கடை பாக்கியும் உண்டு.

ஒரு கஷ்டமான கேள்வி

கதையை இதோட முடிச்சா எல்லாரும் கைதட்டிட்டுப் போயிடலாம். ஆனா ஒரு விஷயம் உறுத்துது. கோரல் மில் ஹார்வி கம்பெனிதான் தூத்துக்குடியில் அந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்ட். அதாவது வ.உ.சி.யின் தொழில் எதிரி. மில் முதலாளி ஒரு தமிழராக, அவருடைய கப்பல் கம்பெனியில் பங்கு வாங்கினவராக இருந்திருந்தால் வ.உ.சி. அந்த வாசலில் நின்றிருப்பாரா?

இதுக்குப் பதில் எனக்கு வரலாற்றில் கிடைக்காது. ஆனா கேள்வி எனக்கு முக்கியம். ஏன்னா எங்க ஊரில் ஹார்வி இல்லை. 1930-களில் பைகாரா கரண்ட் வந்த பிறகு கோவை வட்டாரம் முழுக்க மில்கள் முளைத்தன. பின்னாலேயே சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள் பெருகின. இங்கே தறி ஓட்டுபவருக்கும் தறி வைத்திருப்பவருக்கும் நடுவில் பல நேரம் ஒரு சந்துதான் தூரம். முதலாளி மாமாவாக இருப்பார், பங்காளியாக இருப்பார். அவரும் பெரும்பாலும் கூலிக்குத்தான் நெய்கிறார். பாவு நூல் கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளர் மீட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பதுதான் அவருக்கும் வருமானம். 2021 நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வராததால், 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. சோமனூர் அமைதியாக இருந்த நாட்கள் அவை. ஒப்பந்தம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. 1891-க்கும் 1908-க்கும் நடுவில் தூங்கிய சட்டம் மாதிரியே.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, வாரத்தில் ஒரு நாள் லீவு, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. படிக்க அழகாக இருக்கும். ஆனா கரண்டில் ஓடும் இடத்தில் பத்து பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் உள்ளே வந்தது. ஆறு பேர் வேலை செய்கிற தறிக்குடோன் வாசலிலேயே அது செருப்பைக் கழட்டிட்டு நின்னுடுச்சு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் கிடையாது, பேச்சில் எல்லாருக்கும் தெரியும். ஆயத்த ஆடைத் தொழிலுக்குத் தமிழக அரசு 2014-இல் உயர்த்திய குறைந்தபட்ச கூலியை எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2016-இல் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்றது. அரசு எழுதிய கூலியை வாங்கவே இரண்டு வருஷம். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று சின்னப் பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் வருஷக்கணக்கில் வேலை வாங்கியதும் இதே மண்டலத்தில்தான். பயிற்சியாளர் என்று பெயர் மாற்றினால் சட்டத்தின் பாதி மறைந்துவிடும்.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. நம்ம இன்டர்ன்ஷிப்புக்கும் டிரெய்னி போஸ்டிங்குக்கும் அது ரொம்பப் பக்கத்தில் இருக்கு.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததில் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த வாரம் நம்ம கிளாஸ் குரூப்களில் எல்லாம் ஐ.பி.எல். ஸ்கோர் ஓடிக்கிட்டு இருந்தது. நாம வேலைக்குப் போகிற வருஷத்தின் மணி நேரக் கணக்கை வேற யாரோ நமக்காக நின்று காப்பாத்தினாங்க.

வ.உ.சி. மாதிரி ஜெயிலுக்குப் போங்கன்னு சொல்ல வரலை. அவர் செய்ததில் ஜெயிலுக்கு முந்தின பகுதி நம்மால் முடியும். அவர் ஒரு சட்டம் படித்த ஆள். தன் படிப்பைத் தொழிலாளி பக்கத்தில் வச்சார், அவ்வளவுதான். நாம படிக்கிறது டெக்ஸ்டைலோ மெக்கானிக்கலோ, நாளைக்கு புரொடக்‌ஷன் ஃப்ளோரில் சூப்பர்வைசராகப் போவோம். ஷிஃப்ட் ஷெட்யூல் போடுவதே நாமதான். டார்கெட்டை எழுதுவதும், ஓவர்டைம் ரிஜிஸ்டரில் கையெழுத்து போடுவதும் நாமதான். பையர் ஆடிட்டுக்கு வரும்போது எந்த ரிஜிஸ்டரைக் காட்டணும் என்று நம்மகிட்டதான் சொல்வாங்க. ஒரு ஊரில் சட்டம் அலமாரியில் தூங்குதா, தெருவுக்கு வருதா என்பது பாதி அந்த மேசையில் முடிவாகும்.

அதனால ரெண்டே ரெண்டு வேலை. ஆஃபர் லெட்டர் வந்தால் சம்பளத்துக்குக் கீழே இருக்கிற வேலை நேரம், வார லீவு, பாண்ட் வரிகளையும் படிங்க, புரியலைன்னா சீனியர்கிட்டக் கேளுங்க. வேலையில் சேர்ந்த பிறகு, உங்க கையெழுத்துக்குக் கீழே வேலை செய்கிறவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா, ஏன் இல்லைன்னு கேளுங்க. முதலாளி உங்க மாமாவாக இருந்தாலும் கேளுங்க.